படுக்கை யாருக்கு?

1948 ஜூன் கடைசியில் புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42. ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதுவதற்காகப் புனே போயிருந்தார். அங்கிருந்து காசநோயோடு திரும்பினார். எலும்புருக்கி நோய் என்று ஊரில் சொல்வார்கள். ஆளைப் பார்த்தாலே அந்தப் பெயருக்குப் பொருள் விளங்கிவிடும்.

அவர் இறந்து நான்கு மாதங்கள் கழித்து, அதே ஆண்டு அக்டோபரில், லண்டனிலிருந்து வரும் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ ஓர் ஆய்வை வெளியிட்டது. மொத்தம் 107 காசநோயாளிகள். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள், போடாதவர்களில் 14 பேர். யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்பதை எந்த டாக்டரும் முடிவு செய்யவில்லை. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞர் முன்கூட்டியே குலுக்கல் முறையில் தீர்மானித்து, ஒட்டிய உறைகளுக்குள் போட்டு வைத்திருந்தார். நோயாளியைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். தெரிந்தவர், வேண்டியவர், பார்க்கப் பாவமாக இருப்பவர் என்று டாக்டரின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உறைக்குள் இருப்பது மாறாது. இன்று உலகில் சந்தைக்கு வரும் புதிய மருந்துகளில் பெரும்பாலானவை இந்த வகைச் சோதனையைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது. அதற்கு வழிபோட்டுக் கொடுத்தது காசநோய்தான்.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே முறை சென்னைக்கு வந்தது. இங்கே கேட்கப்பட்ட கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல. நோயாளி எங்கே படுக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிலையத்தைத் தினமும் கடக்கிறார்கள். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் பெயர்தான் அந்த நிலையத்தில் நிற்கிறது. மருந்து இல்லாத காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் சானடோரியம்தான்: ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. சிலருக்கு நெஞ்சுக்குள் காற்றை ஏற்றி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்க வைத்து அதற்கு ‘ஓய்வு’ கொடுப்பார்கள். சிலருக்கு விலா எலும்புகளை வெட்டி எடுப்பதும் உண்டு. கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தின் ஒரு பகுதி இத்தகைய சானடோரியங்களிலேயே கழிந்தது. அவருக்கு இருந்தது காசநோய்தானா என்று பின்னாளில் மருத்துவர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள் என்றாலும், அன்று அவருக்குக் கிடைத்த வைத்தியம் அதற்கானதுதான்.

1950களில் மருந்துகள் வந்துவிட்டன. ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்தால் கிருமி சில மாதங்களில் அதற்குப் பழகிவிடுகிறது, கூடவே பி.ஏ.எஸ். என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தால் அந்த ஆபத்து குறைகிறது என்பது தெளிவாகியிருந்தது. 1952-ல் ஐசோநயசிட் வந்தது. மாத்திரை, மலிவு, கிருமியைக் கொல்வதில் கெட்டி. ஆனால் மருந்தை எங்கே வைத்துக் கொடுப்பது? பணக்கார நாடுகளில் சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தார்கள். இந்தியாவில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. படுக்கை கிடைத்தால்தான் வைத்தியம் என்று சொன்னால், பெரும்பாலோருக்கு வைத்தியமே கிடையாது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. முதல் இயக்குநர் பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ். உடன் இந்திய மருத்துவர்கள், கிருமியியலாளர்கள், புள்ளியியலாளர்கள், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள். இன்று அதே நிறுவனம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டிலேயே இயங்குகிறது.

முதல் ஆய்வுக்குச் சென்னை நகரத்து ஏழைகள் 193 பேர் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். எல்லோருக்கும் நுரையீரலில் காசநோய், சளியில் கிருமி. குலுக்கல் முறையில் ஒரு பாதி வீட்டுக்கு, மறு பாதி சானடோரியத்துக்கு. மருந்து இரு பக்கமும் ஒன்றே: ஓராண்டுக்கு ஐசோநயசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும். இடத்தை மட்டும் மாற்றி, மற்றதை ஒன்றாக வைத்ததில்தான் இந்த ஆய்வின் பலம் இருக்கிறது. முடிவில் வித்தியாசம் தெரிந்தால் அதற்கு இடம்தான் காரணம் என்று சொல்ல முடியும்.

இரண்டு இடங்களுக்கும் இடையிலான வித்தியாசம் சின்னதல்ல. சானடோரியத்தில் இருந்தவருக்குத் தனிக் கட்டில், பக்கத்தில் நர்ஸ், வேளாவேளைக்குச் சத்தான சாப்பாடு, ஓய்வு. வீட்டில் இருந்தவருக்கு ஒரே அறையில் நாலைந்து பேர், தரையில் பாய், இருந்தால் இரண்டு வேளைச் சோறு. கொஞ்சம் தெம்பு வந்ததுமே வேலைக்குப் போய்விடுவார், போகாவிட்டால் குடும்பம் பட்டினி. வீட்டு நோயாளிகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் மையத்தினர் விடாமல் பதிவு செய்தார்கள். சானடோரியத்துச் சாப்பாட்டுக்கு அது எந்த வகையிலும் ஈடாகவில்லை. எடை கூடுவதிலும் சானடோரியத்தினரே முன்னால் இருந்தார்கள். அன்றைய மருத்துவ அறிவுப்படி வீட்டுக்காரர்கள் தோற்றிருக்க வேண்டும்.

1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. ஓராண்டு சிகிச்சைக்குப் பின் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம்.

அந்த இடைவெளியைப் பெரிதாகப் பார்க்கிறவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். ஆனால் இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பாயில் படுத்து, பாதி வயிற்றோடு வேலைக்கும் போய்க்கொண்டு, மருந்தை மட்டும் விடாமல் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு நோய் அடங்கியது. படுக்கைக்காகக் காத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அந்த ஓராண்டைத் தாண்டியிருப்பார்கள்?

அடுத்த பயம் குடும்பத்தைப் பற்றியது. நோயாளியை வீட்டில் வைத்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றாதா? இந்தக் கேள்விக்கு மையம் ஊகத்தால் பதில் சொல்லவில்லை. இரு பிரிவினரின் குடும்பங்களையும் ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் புதிதாக நோய் வந்தவர்கள் அதிகமாக இல்லை. காரணம் பின்னால் விளங்கியது. மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே நோயாளி கிருமியைப் பரப்புவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. குடும்பத்தாருக்குத் தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றி முடிந்திருக்கும். அதன் பிறகு அவரைப் பிரித்துக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே வைப்பதால் வீட்டுக்குப் பெரிய நன்மை எதுவும் இல்லை.

இந்த முடிவு எத்தனை வீடுகளைக் காப்பாற்றியது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். சானடோரியத்துக்குப் போன தாயை ஒரு வருடம் பிள்ளைகள் பார்க்க முடியாது. போன அப்பாவின் கூலி நின்றுவிடும். ‘அந்த வீட்டில் டி.பி.’ என்று தெருவே அறிந்துவிடும். வீட்டிலேயே மாத்திரை என்றானதும் இந்தத் துயரங்களில் பெரும்பகுதிக்குத் தேவையே இல்லாமல் போனது. 1962-ல் இந்தியா தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் இந்த வீட்டுச் சிகிச்சையைத்தான் அடித்தளமாகக் கொண்டது.

வீட்டில் கொடுப்பது சரி, வீட்டில் சாப்பிடுகிறாரா? இது அடுத்த சிக்கல். பி.ஏ.எஸ். லேசுப்பட்ட மருந்து அல்ல. மில்லிகிராம் கணக்கு இல்லை, நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும். மாவால் செய்த மெல்லிய உறைக்குள் பொடியை அடைத்துக் கொடுப்பார்கள். விழுங்கினால் குமட்டும், வயிற்றைப் புரட்டும். இருமல் நின்று, பசி எடுத்து, ‘குணமாகிவிட்டதே’ என்று தோன்றிய பிறகும் மாதக்கணக்கில் இதை விழுங்கச் சொன்னால் யார்தான் விழுங்குவார்?

மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். மருந்து டப்பாவைத் திறந்து மிச்சம் எத்தனை என்று எண்ணுவார்கள். எண்ணிக்கையை மட்டும் நம்புவதில்லை, வேண்டாத மருந்தைத் தூக்கி எறிந்திருக்கவும் வாய்ப்பு உண்டல்லவா? அதனால் சிறுநீர் மாதிரியும் வாங்கிக்கொண்டு போவார்கள். சோதனைக்கூடத்தில் அதில் மருந்தின் தடம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொன்ன பலர் சாப்பிடவில்லை என்பது இப்படித்தான் தெரியவந்தது. நோயாளியைத் திட்டுவதற்காக அவர்கள் இதைச் செய்யவில்லை. படித்தவர், படிக்காதவர், ஏழை, பணக்காரர் யாராக இருந்தாலும் மனிதர் மருந்தை விட்டுவிடுவார், அதற்கேற்றபடி சிகிச்சையைத்தான் மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு ஃபாக்ஸும் அவருடைய சகாக்களும் வந்தார்கள்.

அங்கிருந்து பிறந்ததுதான் வாரம் இரண்டு முறைச் சிகிச்சை. தினமும் வீட்டில் விழுங்குவதற்குப் பதிலாக, வாரத்துக்கு இரண்டு நாள் மருத்துவமனைக்கு வந்து, பணியாளரின் கண்முன்னால் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோநயசிட்டும் எடுத்துக்கொள்வது. தினசரிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 1964-ல் வெளியான சென்னை ஆய்வு, இது அதற்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. முப்பது ஆண்டுகள் கழித்து உலக சுகாதார நிறுவனம் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையை உலகெங்கும் பரப்பியது. அதன் வேர்களில் முக்கியமான ஒன்று சேத்துப்பட்டில் இருக்கிறது.

இதற்கிடையே சோதனைக்கூடத்தில் வேறொரு புதிரும் அவிழ்ந்தது. ஐசோநயசிட்டைக் கூடுதலாக எடுத்த சிலருக்குக் கால் மரத்துப்போனது, எரிந்தது. எல்லோருக்கும் அல்ல. ஏன்? மருந்தை உடல் செயலிழக்கச் செய்யும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, அது பரம்பரையாக வருகிறது. மெதுவாகச் செயலிழக்கச் செய்கிறவர்களின் உடலில் மருந்து நெடுநேரம் தங்குகிறது, அவர்களுடைய நரம்புகள்தான் அதிகம் பாதிக்கப்படுகின்றன. 1960-ல் சென்னை மையம் இதை வெளியிட்டது. கூடவே வைட்டமின் பி6 கொடுத்தால் இந்தத் தொல்லையைத் தடுக்கலாம். இன்றும் காசநோய் மாத்திரையோடு பல நோயாளிகளுக்கு அந்தச் சின்ன வைட்டமின் மாத்திரை கொடுக்கப்படுகிறது.

எல்லா ஆய்வும் நல்ல செய்தியோடு முடிவதில்லை. சென்னைக்குப் பக்கத்திலேயே நடந்த இன்னொரு பெரிய முயற்சி அதற்குச் சாட்சி.

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி இந்தியாவில் பெரிய அளவில் போடப்பட்டபோது 1955-ல் ராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்தார். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் மாறி மாறிப் பேசினார்கள். இந்திய மண்ணில் அந்த ஊசி எவ்வளவு காக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் தரவு இரு தரப்பிடமும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்களில், ஓர் ஆய்வு தொடங்கியது. சுமார் 3,60,000 மக்கள் வாழும் பகுதி. ஊர் ஊராகக் கணக்கெடுத்து, ஒரு பிரிவினருக்கு பி.சி.ஜி.யும் இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் போட்டார்கள். போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள்: எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, புதிய நோயாளிகளின் கணக்கு.

முதல் முடிவுகள் 1979-ல் வந்தன. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. அங்கே பாதுகாப்புத் தரவில்லை.

இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். இத்தனை ஆண்டு உழைப்பு, இத்தனை மக்களின் ஒத்துழைப்பு, அரசே முன்னின்று பரப்பிய ஒரு தடுப்பூசி. கடைசியில் ‘பலனில்லை’ என்று அச்சில் எழுத வேண்டும். அவர்கள் எழுதினார்கள். உலகெங்கும் விவாதம் கிளம்பியது. சூழலில் இருக்கும் வேறு வகைக் கிருமிகள் மக்களின் எதிர்ப்புச் சக்தியை முன்பே மாற்றிவிட்டனவா, வெப்பநாடுகளில் பி.சி.ஜி. ஏன் வேறுவிதமாக நடந்துகொள்கிறது என்றெல்லாம் புதிய கேள்விகள் அதிலிருந்துதான் பிறந்தன. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றுகிறது. அதனால்தான் பிறந்த குழந்தையின் இடது தோளில் இன்றும் அந்த ஊசி போடப்படுகிறது. பெரியவர்களுக்கான நல்ல தடுப்பூசியை உலகம் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது.

சேத்துப்பட்டின் முதல் ஆய்வுக்கே திரும்பினால், அதில் ஒன்றைப் பலர் தவறாகப் படித்துவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. சாப்பாடு குறைவாக இருந்தாலும் மருந்து நோயைக் குணமாக்கும் என்று அந்த ஆய்வு சொன்னது. சாப்பாடு முக்கியமல்ல என்று அது எங்கும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பல பத்தாண்டுகளில் காசநோய்த் திட்டம் என்றாலே மாத்திரை, சளிப் பரிசோதனை, பதிவேடு என்று குறுகிப்போனது. நோயாளியின் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பார் இல்லை. இந்தியாவில் காசநோயும் பசியும் ஒரே தெருவில் குடியிருப்பவை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் இப்படி ஆனது வருத்தத்துக்குரியது.

2019-ல் ஜார்க்கண்டில் தொடங்கிய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு அந்தக் கேள்வியை மறுபடி எடுத்துக்கொண்டது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவர்கள் தலைமையில், சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்களிப்போடு, நான்கு மாவட்டங்களில் 2,800 காசநோயாளிகளும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேரும் இதில் இருந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் 10 கிலோ எடையுள்ள ஒரு பை: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். கூடவே வைட்டமின் மாத்திரை. வித்தியாசம் குடும்பத்தாரிடத்தில். ஒரு பிரிவில் வீட்டில் உள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு. மறு பிரிவில் அது இல்லை.

2023 ஆகஸ்டில் ‘லான்செட்’ இதழ்களில் முடிவு வந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளிப் பரிசோதனையில் உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம். நோயாளிகளிடையே, சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்துக்குள் எடை ஐந்து சதவீதம் கூடியவர்கள் இறப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் ஆய்வகங்களில் தேடும் தடுப்பாற்றலில் ஒரு பங்கு, ரேஷன் கடையில் எடை போட்டுக் கொடுக்கும் அரிசியிலும் பருப்பிலும் இருந்தது.

மத்திய அரசு 2018 முதல் காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய் ஆனது. உலகத்தின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர் என்னும்போது இந்தத் தொகை போதுமா என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஆனால் மருந்துச் சீட்டோடு சாப்பாட்டுக்கும் காசு என்ற நிலைக்கு நாடு வந்திருப்பது ஒரு பெரிய மாற்றம்தான்.

வீட்டிலேயே சிகிச்சை என்று ஆன பிறகும் சிலர் இறக்கிறார்கள். அவர்களில் பலர் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே போய்விடுகிறார்கள். மருந்து தோற்பதால் அல்ல. மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை தாங்க உடம்பில் தெம்பு இல்லாததால். இவர்களை முதல் நாளிலேயே அடையாளம் காண முடியாதா? சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் தமிழ்நாட்டுக் காசநோய்த் துறையும் சேர்ந்து 2022-ல் ‘தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்ற ஒன்றைத் தொடங்கியதற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

அதற்கு ஸ்கேன் தேவையில்லை, விலை உயர்ந்த ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை. காசநோய் என்று உறுதியானவர் அரசு மருத்துவமனையில் வந்து உட்கார்ந்ததும் நர்ஸ் எடையும் உயரமும் பார்க்கிறார். உயரத்துக்கு எடை மிக மிகக் குறைவாக இருக்கிறதா, பாதம் வீங்கியிருக்கிறதா என்று குறித்துக்கொள்கிறார். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார். 24-க்கு மேல் போனால் கவலை. விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் பார்க்கிறார். 94-க்குக் கீழே இறங்கினால் கவலை. கடைசியாக, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொல்கிறார்.

நிற்க முடிந்தால், மற்ற அளவுகளும் சரியாக இருந்தால், மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நிற்கக் கால் நடுங்கினால் அவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. டாக்டர் வந்து முழுமையாகப் பரிசோதிக்கிறார், வார்டில் அவருக்குப் படுக்கை போடுகிறார்கள்.